பேஸ்டலில் ஒரு பாட்டி, ஒரு பூனை: ஈரம் முதலில், தூள் அடுத்து, மெழுகு கடைசியில்

பென்சிலில் முகம் நன்றாகப் போடுகிறவர்கள்கூட பேஸ்டலைக் கையில் எடுத்ததும் தடுமாறுகிறார்கள். பினாங்கில் வார இறுதி வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: கண் சரியாக இருக்கும், கை சரியாக இருக்கும், வரிசை மட்டும் தப்பாக இருக்கும். பாதி வேலையில் தாள் வழவழத்துப் போய்விடும். அதற்கப்புறம் எந்த நிறத்தை எடுத்துத் தேய்த்தாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

பேஸ்டல் காய்ந்து ஒட்டுகிற சாயம் இல்லை. தாளின் சொரசொரப்பில் தங்கி நிற்கும் தூள், அவ்வளவுதான். அந்தப் பிடிமானத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒவ்வோர் அடுக்கும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். கீழே சொல்லும் வரிசை முழுக்க அந்தப் பிடிமானத்தைக் கடைசிவரை மிச்சம் வைத்திருப்பதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு படங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி: மாநிறத்தைவிடக் கறுப்பு, நரைத்த தலை, மூக்குத்தி, கொண்டையில் மல்லிகை. இன்னொன்று கடைவீட்டு ஐந்தடியில் (கடை முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை) படுத்துக் கிடக்கும் மஞ்சள் வரிப் பூனை, நம் ஊர்ப் பூனைகளுக்கே உரிய மொட்டை வாலோடு. இரண்டுக்கும் 8ஆம் படி வரை வழி ஒன்றே.

1. எந்தப் பெட்டியை வாங்குவது

கடையில் பேஸ்டல் என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்கள் வரும். ஒன்று பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருக்கும் புஞ்சோ போன்ற எண்ணெய்ப் பேஸ்டல். மெழுகும் எண்ணெயும் கலந்தது. நமக்கு வேண்டியது சாஃப்ட் பேஸ்டல், விரலில் தொட்டால் தூளாக வருவது. பெட்டியின் மேல் ஆயில் என்று போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே கிடப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். 11ஆம் படியில் அதற்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது.

சாஃப்ட் பேஸ்டலிலும் கெட்டியானது, மென்மையானது என்று உண்டு. நியூபேஸ்டல் போன்ற கெட்டிக் குச்சிகள் தாளில் கொஞ்சமாகத்தான் தூளை விடும். அதனால் அவை முதல் அடுக்குக்கு. மென்குச்சிகள் அள்ளிக் கொட்டும். அவை மேல் அடுக்குக்கு. ஸ்டபிலோ கார்பொதெல்லோ, ஃபேபர்-காஸ்டல் பிட் போன்ற பேஸ்டல் பென்சில்கள் கண், மூக்கு ஓரம், ரோமம் ஆகியவற்றுக்கு.

முதல் பெட்டிக்கு நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவழிக்க வேண்டாம். முங்யோவின் அரைநீளக் குச்சிகள் 64 கொண்ட பெட்டி கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். அதோடு தனிக் குச்சியாக நான்கு வாங்குங்கள்: கரும்பழுப்பு, கத்தரிக்காய் நிறத்தில் ஓர் ஊதா, மங்கிய ஆலிவ் பச்சை, கரு நீலம். ரெம்பிராண்ட் போன்றவை தனித்தனியாகவும் கிடைக்கும். மலிவுப் பெட்டிகளில் ஆழமான நிறங்கள்தான் குறையும், நமக்கு அதிகம் தேவைப்படுவதும் அவைதான். போர்ட்ரெய்ட் செட் என்று தனியாக விற்பதை நான் வாங்கச் சொல்வதில்லை. பெரும்பாலும் வெளிர் பீச்சும் இளஞ்சிவப்புமாக அடுக்கியிருப்பார்கள். நம் வீட்டு முகங்களுக்கு அதில் பாதி பயன்படாது.

2. தாள்: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

சாயம் மலிவாக இருந்தால் சமாளித்துவிடலாம். தாள் மலிவாக இருந்தால் முடியாது. சாதாரண வரைதாளிலும் நகலெடுக்கும் ஏ4 தாளிலும் பிடிமானம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவது அடுக்கிலேயே தூள் உதிரும்.

கேன்சன் மி-டைன்ட்ஸ் எளிதாகக் கிடைப்பது. சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை. ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி புள்ளிப் புள்ளியாக இருக்கும், மறுபக்கம் மெல்லிய சொரசொரப்பு. புதியவர்கள் தேன்கூடு பக்கத்தில் வரைந்துவிட்டுப் பாட்டியின் கன்னம் முழுக்கக் குழியாகத் தெரிகிறதே என்பார்கள். முகத்துக்கு மறுபக்கத்தைத் திருப்புங்கள். இந்தத் தாள் மூன்று, நான்கு அடுக்கு தாங்கும். ஈரம் வைத்தால் சுருளும்.

ஈரத்தோடு கலந்து வேலை செய்ய 360 கிராம் எடையுள்ள பேஸ்டல்மேட் நல்லது. தண்ணீரும் தாங்கும், அடுக்கும் தாங்கும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். யூஆர்ட் போன்ற மணல் பூச்சுத் தாள்களும் ஈரம் தாங்கும். செனலியே லா கார்ட் மட்டும் விதிவிலக்கு. அருமையான தாள், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே அந்த இடத்தில் பூச்சு உரிந்து வந்துவிடும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் அதே கதிதான், நம் ஊரில் சொல்லவா வேண்டும்.

மலிவான வழி ஒன்றும் உண்டு. 300 கிராம் நீர்வண்ணத் தாளைப் பலகையில் நாலாபக்கமும் ஒட்டி, கிளியர் ஜெஸ்ஸோவை (சொரசொரப்புத் தரும் நிறமற்ற அடிப்பூச்சு) மெல்லியதாக ஒரு பூச்சு குறுக்காகவும், அது காய்ந்தபின் இன்னொன்று நெடுக்காகவும் பூசுங்கள். கிளியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்; வெள்ளை ஜெஸ்ஸோ பலவற்றில் போதிய சொரசொரப்பு இருக்காது. தடித்த தூரிகையால் பூசினால் கோடு கோடாக நிற்கும், முகத்தில் அது அழுக்காகத் தெரியும். ஸ்பாஞ்ச் உருளை நல்லது.

தாளின் நிறத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வெள்ளைத் தாள் வேண்டாம். அதன்மேல் எல்லா நிறமும் கறுப்பாகத் தெரிவதால் கை தானாகவே வெளிறிய குச்சிகளைத் தேடும். பாட்டிக்கு மங்கிய பச்சை அல்லது பழுப்புச் சாம்பல். மஞ்சள் பூனைக்கு நீலச் சாம்பல், ஏனென்றால் ரோமங்களுக்கு இடையே எட்டிப் பார்க்கும் தாளே நிழலாக வேலை செய்துவிடும்.

3. மேசை, மின்விசிறி, தூசி

மேசையில் படுக்க வைத்து வரையாதீர்கள். உதிர்கிற தூள் வரைந்த இடத்திலேயே தங்கி எல்லா நிறத்தையும் மங்கலாக்கும். பலகையை நிமிர்த்தி, மேல் ஓரம் சற்றே உங்கள் பக்கம் சாயும்படி வையுங்கள். கீழே அலுமினியத் தாளை மடித்துத் தொட்டிபோல் ஒட்டிவிட்டால் தூள் அதில் விழும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். இதைச் சொன்னதும் எல்லாருக்கும் முகம் வாடும், பினாங்கு வெயிலில் நியாயம்தான். ஆனால் தலைக்கு மேல் விசிறி சுழன்றால் தூள் வீடு முழுக்கப் பறந்து மூக்கிலும் ஏறும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காலையில் வேலை செய்யுங்கள். கழுத்தில் ஒரு துண்டு, கை ஊன்றும் இடத்தில் கேக் சுடும் எண்ணெய்த்தாள் ஒன்று. வியர்வை பட்ட இடத்தில் பேஸ்டல் கறையாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்தத் திட்டு போகவே போகாது.

வாயால் ஊதாதீர்கள். சில உயர்விலைக் குச்சிகளில் காட்மியம் போன்ற நச்சு உலோகச் சாயங்கள் உண்டு. ஊதுகிற தூள் திரும்பவும் மூச்சில்தான் வரும். பலகையை வெளியே எடுத்துப் போய்ப் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். நீண்ட நேரம் உட்காருவீர்கள் என்றால் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

4. பார்த்து வரையும் படம்

நடுப்பகலில் எடுத்த படம் வேண்டாம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உச்சிவெயில் நேரே தலைமேல் விழும். கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும், மூக்கு நுனி மட்டும் பளிச்சிடும். காலை ஒன்பதரைக்குள், அல்லது எப்போதும் ஜன்னலோரம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழும்படி உட்கார வைத்து எடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். இரண்டு ஒளி இரண்டு நிறத்தில் விழுந்தால் தோலின் நிறத்தைப் பிரித்துப் பார்க்கவே முடியாது.

கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இருமடங்கு ஜூமில் எடுங்கள். பூனைக்கு அதன் கண் உயரத்துக்குக் குனிந்தே ஆக வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் பெரிய தலையும் சின்னக் காலுமாக வரும்.

லெபு குயின் பக்கம் பூ கட்டுகிற அம்மாவையோ, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவையோ வரைய ஆசைப்பட்டால் முதலில் கேளுங்கள். “அம்மா, உங்களை வரைஞ்சு பழகணும், ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்றால் பெரும்பாலும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் படத்தை விடுங்கள். அவர் மறுபடி பூவில் கை வைத்தபின் எடுக்கிற இரண்டாவது படம்தான் வரையத் தகுந்தது.

மறைந்தவரின் ஐசி (அடையாள அட்டை) படத்தைக் கொடுத்து வரையச் சொல்லிக் கேட்பார்கள். முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிழலே இருக்காது, நிழல் இல்லாமல் முகத்தின் மேடு பள்ளம் தெரியாது. நாலைந்து முகம் வரைந்து கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5. கோட்டு வரைவு

தாளின் மேலேயே வரைந்து அழித்து வரைந்து அழித்துப் பிடிமானத்தைக் கெடுக்காதீர்கள். வேறு தாளில், அதே அளவில், வரைவை முடித்துக்கொள்ளுங்கள். பெரியவர் முகத்தில் கண் தலையின் உயரத்தில் சரிபாதியில் வரும். புதியவர்கள் நெற்றியைச் சின்னதாக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். நேராகப் பார்க்கும் முகத்தில் காது புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை. வயதானவர்களுக்குக் காது மடல் தொங்கி அதைவிட நீளமாக இருக்கும், தோட்டின் எடை வேறு.

வரைவைத் தாளுக்கு மாற்ற, அதன் பின்பக்கம் பழுப்புப் பேஸ்டலைத் தேய்த்து, தாளின்மேல் வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் மெதுவாகக் கோட்டின்மேல் ஓட்டுங்கள். எழுதுபென்சிலின் கரியைத் தேய்க்காதீர்கள். அது பளபளப்பாகப் படிந்து, மேலே வரும் பேஸ்டலைப் பிடிக்க விடாது.

6. மூன்றே ஒளிநிலைகள்

நிறத்தைத் தொடும் முன் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினால் மூன்று நிலைகள் பிரியும்: இருட்டு, நடு, வெளிச்சம். உள்ளங்கை அளவுத் துண்டுத்தாளில் இந்த மூன்றை மட்டும் கட்டமாகத் தீற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிட வேலை, ஆனால் எல்லாரும் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். நிறம் தப்பினாலும் ஒளிநிலை சரியாக இருந்தால் முகம் முகமாகவே நிற்கும். திருப்பிச் சொன்னால் அது நடக்காது.

7. ஈர அடித்தளம்

இங்கேதான் கலப்பு முறையின் உண்மையான லாபம். நீர்வண்ணமோ தண்ணீராகக் கரைத்த அக்ரிலிக்கோ தாளுக்கு நிறம் கொடுக்கும், பிடிமானத்தைத் தொடாது. அதாவது, முதல் இரண்டு அடுக்குப் பேஸ்டலின் வேலையை நீங்கள் இலவசமாக முடித்துவிடுகிறீர்கள்.

பாட்டிக்கு நிழல் பக்கம் முழுவதும் கரு நீலமும் பழுப்பும் கலந்த நீர்க்கோலம், ஒளிப் பக்கம் செங்காவி. பூனைக்கு மஞ்சளுக்கு எதிர்நிறமான மங்கிய ஊதாவை அடியில் விடுங்கள். மேலே மஞ்சள் ரோமம் வரும்போது அது துள்ளும். தடிப்பான அக்ரிலிக் வேண்டாம். தடித்த பூச்சு பிளாஸ்டிக் படலமாகி, சொரசொரப்பை மூடிவிடும்.

நீர்வண்ணம் இல்லையா? கெட்டிக் குச்சியால் லேசாகத் தீற்றி, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையில் தொட்டு அதன்மேல் ஓட்டுங்கள். தூள் கரைந்து தாளுக்குள் படியும், தண்ணீரைவிடச் சீக்கிரம் காயும், தாளும் குறைவாகவே சுருளும். அடுப்புக்கும் ஊதுபத்திக்கும் தள்ளி, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பின்னணியில் பழைய தமிழ் நாளிதழ் எழுத்துகள் தெரிய வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாளிதழையே ஒட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சளித்து நொறுங்கும். அமிலமில்லாத் தாளில் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் நகல் ஈரம் பட்டதும் ஓடிவிடும். அக்ரிலிக் மேட் மீடியத்தால் ஒட்டி, அதன்மேல் ஒரு பூச்சு கிளியர் ஜெஸ்ஸோ. இந்த ஒட்டு வேலை எல்லாம் பேஸ்டல் தொடும் முன்பே முடிந்திருக்க வேண்டும். தூளின்மேல் எந்தப் பசையும் ஒட்டாது.

இரவு முழுக்கக் காய விடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு அளவில் இருக்கும்போது தாளின் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள்; குளிர்ந்தால் காயவில்லை.

8. முதல் தூள் அடுக்கு

கெட்டிக் குச்சியைப் படுக்கவைத்து, அதன் பக்கவாட்டால், எடையே இல்லாமல் இழுங்கள். தாளின் மேடுகளில் மட்டும் நிறம் பட்டு, பள்ளங்கள் காலியாக இருக்க வேண்டும். இருட்டான பகுதிகள் முதலில், நடுநிலை அடுத்து. வெளிச்சத்தை இப்போது தொடவே வேண்டாம். இருட்டின்மேல் வெளிச்சம் உட்காரும். வெளிச்சத்தின்மேல் இருட்டைப் போட்டால் சுண்ணாம்பு கலந்த சேறாகும்.

விரலால் தேய்க்காதீர்கள். வகுப்பில் நான் அதிகம் சொல்லும் சொல் இதுதான், அதிகம் கேட்கப்படாததும் இதுதான். விரல் தூளைப் பள்ளத்துக்குள் அழுத்தி நிரப்பிவிடுகிறது; கூடவே விரலின் எண்ணெயும் போகிறது. ஒரே தேய்ப்பில் மூன்று அடுக்குக்கான இடம் போய்விடும். இரண்டு நிறங்களை இணைக்க, இரண்டுக்கும் நடுவான மூன்றாவது நிறத்தை மேலே மெல்ல ஓட்டுங்கள். பின்னணியில் மட்டும் ஸ்பாஞ்சுத் துண்டால் தேய்க்கலாம்.

ஓர் இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதா? கெட்டியான எண்ணெய்வண்ணத் தூரிகையை உலர்வாக எடுத்து, தூளைக் கீழ்நோக்கித் தட்டி எடுங்கள். ரப்பரால் அழித்தால் மிச்சத்தூள் இன்னும் உள்ளே போகும்.

9. கறுத்த தோல்

கறுப்புக் குச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்து வேறெங்காவது வைத்துவிடுங்கள். கறுப்பையும் வெள்ளையையும் பழுப்போடு கலந்து வரைந்தால் முகம் சாம்பல் பூத்து, உயிரில்லாமல் போகும். பாட்டியின் நிழல் பக்கத்தில் கத்தரி ஊதாவும் கரும்பழுப்பும். தாடைக்குக் கீழே, கழுத்து நிழலில், கரு நீலம். நடுநிலைக்கு செங்காவி, செங்கல் சிவப்பு. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் ஒரு தொடுகை ஆலிவ் பச்சை. தனியாகப் பார்த்தால் இதென்ன பச்சை என்று தோன்றும், இரண்டடி தள்ளி நின்றால் தோலாகிவிடும்.

அடுத்தது ஒளிமேடு. வெளிர்ந்த தோலைவிடக் கறுத்த தோலில் மினுமினுப்பு கூர்மையாகத் தெரியும், அது சுற்றியுள்ள ஒளியின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சத்தில் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் அது வெளிர் நீலமாகவோ மங்கிய ஊதாவாகவோ இருக்கும். குத்துவிளக்குக்கு முன்னால் என்றால் ஆரஞ்சு. வெள்ளைக் குச்சியை எடுத்து அங்கே தீற்றினால் முகத்தில் மாவு பட்ட மாதிரிதான் இருக்கும். ஓக்கர் (காவி மஞ்சள்), அதன்மேல் வெளிர் பீச், அதன் நடுவில் ஒரு சின்னத் திட்டு நீலச் சாம்பல்; இந்த வரிசையில் ஏற்றுங்கள்.

உதட்டுக்குச் சிவப்பு வேண்டாம். மேலுதடு நிழலில் இருக்கும், அதற்கு ஊதாப் பழுப்பு. கீழுதட்டில் மட்டும் மங்கிய ரோஜா. பாட்டி வெற்றிலை போடுகிறவர் என்றால் நடுவில் ஒரு செங்கல் சிவப்புக் கோடு.

சுருக்கங்களைக் கோடாகப் போடாதீர்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சின்ன மேடும் பள்ளமும். பள்ளத்தின் ஒரு கரை இருட்டு, எதிர்க்கரை வெளிச்சம். கோடு மட்டும் போட்டால் தோல் கிழிந்ததுபோல் ஆகிவிடும். எல்லாச் சுருக்கத்தையும் போடவும் வேண்டாம். கண்ணோரத்தில் மூன்று, வாயோரத்தில் இரண்டு போதும், மிச்சத்தைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். வீட்டில் கொண்டுபோய்க் காட்டும்போது பாட்டியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

10. கண், மூக்குத்தி, நரை, பூ

கண்குழியின் நிழல் முழுதாக முடிந்த பிறகே கண்ணுக்குப் போங்கள். முதலில் இமைமுடியில் தொடங்குகிறவர்களின் கண் முகத்தின்மேல் ஒட்டிவைத்த மாதிரி நிற்கும்.

வெள்ளைவிழி வெள்ளை அல்ல. அது உருண்டை, மேலிமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. சாம்பல் கலந்த பழுப்பு வையுங்கள், வயதானவர்களுக்கு மூலையில் கொஞ்சம் மஞ்சளும் சிவப்பும். கருவிழியைக் கரும்பழுப்பில் நிரப்பி, ஒளித்துளி விழும் பக்கத்துக்கு நேர் எதிரே அதை ஒரு படி இளக்குங்கள். கண்ணுக்குள் ஒளி புகுந்து வருவது அங்கேதான் தெரியும். சில பாட்டிமாருக்குக் கருவிழியைச் சுற்றி நீலச் சாம்பல் வளையம் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். கடைசியாக ஒளித்துளி, ஒரே அழுத்தில், ஒன்றே ஒன்று.

மூக்குத்திக்குத் தங்கநிற உலோகச் சாயத்தைத் தேடி அலைய வேண்டாம். அது ஒரு கோணத்தில் மின்னும், அடுத்த கோணத்தில் சாம்பலாகும். பழுப்பு, ஓக்கர், வெளிர் மஞ்சள், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, இதுவே தங்கம். பக்கத்துத் தோலில் அதன் நிழலை ஒரு சின்ன ஊதாத் தொடுகையாக வைத்தால்தான் மூக்கில் உட்காரும்.

நரைமுடியைத் தனி இழைகளாகத் தொடங்காதீர்கள். முதலில் கொண்டை முழுவதும் நீலச் சாம்பல் திரளாக. பிறகு வகிட்டோரத்திலும் காதருகிலும் மட்டும் கூராக்கிய பென்சிலால் சில இழைகள். மல்லிகைச் சரமும் அப்படியே. நிழல் பக்கத்து மொட்டுகள் பச்சைச் சாம்பல், ஒளி பட்ட நாலைந்து மொட்டுகள் மட்டும் பால்வெள்ளை. மென்குச்சியின் உடைந்த முனையால் ஓர் அழுத்து, ஒரு மொட்டு.

11. பூனையின் ரோமம்

தொடங்கும் முன் அச்செடுத்த படத்தின்மேல் பேனாவால் அம்புக்குறி போடுங்கள், ரோமம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று. பூனை முகத்தில் அது மூக்கிலிருந்து புறப்பட்டு நெற்றிக்கு மேல்நோக்கியும் கன்னத்துக்கு வெளிநோக்கியும் விரியும். மூக்குத் தண்டில் மிகக் குட்டை, கன்னத்தில் நீளம், காதின் உள்ளே நீண்டு கலைந்து கிடக்கும். இந்த வரைபடம் இல்லாமல் போனால் கை தன் வசதிக்கு எல்லா முடியையும் ஒரே சாய்வில் போடும். பூனை தேங்காய் நாரால் செய்ததுபோல் ஆகிவிடும்.

அடுக்கு இப்படி. ஈர அடித்தளத்தின் மேல், வரிகளையும் நிழல்களையும் கரும்பழுப்புக் கெட்டிக் குச்சியால், ரோமத் திசையிலேயே அகலமாகத் தீற்றுங்கள். அதன்மேல் செங்காவி, ஆரஞ்சு. அப்புறம்தான் பென்சில். வேரில் அழுத்தித் தொடங்கி, நுனியில் பென்சிலைத் தாளிலிருந்து தூக்கிவிடுங்கள்; நுனி தானாக மெலியும். வெளிர் ஓக்கர் இழைகள் கரும்வரியின் விளிம்பைத் தாண்டி அதற்குள் கொஞ்சம் போக வேண்டும். வரியின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் அது ரோமம் இல்லை, துணி.

எல்லா இடத்திலும் இழை போடாதீர்கள். கண்ணைச் சுற்றி, மூக்குத் தண்டு, ஒளி பட்ட கன்னம் ஆகிய இடங்களில் விவரம். முதுகும் வாலும் நிறத்திரளாகவே இருக்கட்டும். பென்சில் முனையைப் பேனாக்கத்தியால் செதுக்கி, மிஸ்டர் டிஐஒய் கடையில் கிடைக்கும் மெல்லிய மணல்தாளில் உருட்டிக் கூராக்குங்கள். பென்சில் துருவியில் வைத்துத் திருகினால் உள்ளே ஒடிந்துகொண்டே இருக்கும்.

பூனைக் கண்ணில் மேல்பாதி இமை நிழலால் மங்கியிருக்கும். பகல் வெளிச்சத்தில் பாவை நெட்டுக்குத்தாகச் சுருங்கும். அதன் விளிம்பைச் சற்றே மென்மையாக வையுங்கள். கண்ணைச் சுற்றிய கறுப்பு ஓரத்துக்கு மட்டும் நான் ஒதுக்கி வைத்த கறுப்பை எடுக்க விடுவேன்.

மூக்கு நுனியின் ஈரப் பளபளப்புக்கும், ஐந்தடித் தரையில் சிமெண்டின் அழுத்தமான கீறல்களுக்கும் எண்ணெய்ப் பேஸ்டலையோ மெழுகு வண்ணப் பென்சிலையோ தொடலாம். முதல் படியில் சொன்ன சின்ன வேலை இதுதான். கடைசியில் மட்டும், ஏனென்றால் மெழுகு பட்ட இடத்தில் அதன்பின் தூள் நிற்காது.

பூனை பழகிவிட்டால் தாவரவியல் பூங்காவுக்குப் போய் லோத்தோங் குரங்கைப் படம் பிடித்து வாருங்கள். சாம்பல் கறுப்பு உடல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். தாயின் மடியில் இருக்கும் குட்டி மட்டும் ஆரஞ்சு மஞ்சள். கறுப்புக்குள் எத்தனை நீலமும் பழுப்பும் இருக்கிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

12. மீசை

எல்லாம் முடிந்தபின் மீசை முடி. தூளின்மேல் நேரடியாக ஜெல் பேனாவை ஓட்டினால் முனை அடைத்துக்கொள்ளும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஃபிக்ஸேட்டிவை (தூளைத் தாளில் பிடித்துவைக்கும் தெளிப்பு) மெல்லியதாக அடித்து, காய்ந்தபின், வெள்ளை குவாஷையோ (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) அக்ரிலிக் மையையோ நீண்ட மெல்லிய தூரிகையில் எடுத்து, மூக்கோரத்துப் புள்ளியிலிருந்து வெளியே ஒரே வீச்சில் இழுங்கள். மணிக்கட்டு அல்ல, முழங்கை அசைய வேண்டும். பழைய தாளில் இருபது, முப்பது இழுத்துப் பழகிவிட்டு வாருங்கள். வெளிர் பின்னணிக்கு முன்னால் மீசை வெள்ளையாகத் தெரியாது; அங்கே அது பழுப்புக் கோடு.

13. ஃபிக்ஸேட்டிவ்

இடையில் ஓரிரு முறை அடிக்கலாம். கடைசி அடுக்குக்கு மேல் நான் அடிப்பதில்லை. அது வெளிர் நிறங்களை மங்கச் செய்யும். பாட்டியின் நெற்றி ஒளியும் மல்லிகையும் ஒரே அடியில் இரண்டு படி இருண்டுவிடும். அதனால் இருட்டு, நடுநிலை அடுக்குகளை முடித்ததும் அடித்துக் காயவிட்டு, ஒளிமேடுகளை அதற்குமேல் வையுங்கள்.

வீட்டுக்கு வெளியே, 30 சென்டிமீட்டர் தள்ளி, தாளுக்கு அப்பால் தொடங்கி அப்பால் முடியும்படி வீசி அடிக்க வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் விட்ட கையோடும் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் வெண்படலம் பூக்கும். முடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பிசுபிசுக்கும், பின்னாளில் மஞ்சளிக்கும்.

14. சட்டமும் பூஞ்சையும்

சட்டக் கடையில் கொடுக்கும் முன் படத்தின் மேல் கிளாசின் தாள் (தூள் ஒட்டாத வழவழப்பான மெல்லிய தாள்) ஒன்றை வைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே நகராமல் கட்டிக்கொண்டு போங்கள். சுருட்டக் கூடாது.

கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். நடுவில் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். தொட்டால் தூள் கண்ணாடியில் ஒட்டும், அங்கேதான் பூஞ்சையும் முதலில் பிடிக்கும். எடை குறைவு என்று அக்ரிலிக் கண்ணாடியைச் சிபாரிசு செய்வார்கள். வேண்டாம், அதில் நிலைமின்சாரம் ஏறித் தூளை இழுத்துக்கொள்ளும். அட்டைகள் அமிலமில்லாதவையா என்றும் கேளுங்கள். பின்பக்கத்தை முழுதாக ஒட்டி மூடச் சொல்லுங்கள்.

மாட்டும்போது நான்கு மூலையிலும் பின்னால் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறைப் பக்கத்துச் சுவரும் ஆகாது. பூசை அறையில் மாட்டுவதாக இருந்தால் விளக்குப் புகையும் சாம்பிராணியும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மாட்டாமல் வைத்திருக்கும் படங்களைப் பெட்டியில் படுக்கவைத்து, கிளாசின் தாளுக்கிடையே அடுக்கி, ஈரம் ஏறினால் நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.